வாடகைக்கு விடும் முடிவு: சென்னை வீட்டுச் சொந்தக்காரர்களின் ஒரு நூற்றாண்டு

ஒரு வீட்டைக் கட்டியோ வாங்கியோ முடித்த குடும்பம் அதில் தானே குடியிருப்பதா, வாடகைக்குக் கொடுப்பதா, பூட்டி வைப்பதா என்று தீர்மானிப்பது மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் வரவு செலவுக் கணக்காகத் தோன்றும். ஆனால் சென்னை நகரின் கடந்த நூறாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, அந்தத் தீர்மானத்தில் வாடகைத் தொகையைக் காட்டிலும் பெரிய பங்கு வகித்தது, கொடுத்த வீடு தேவைப்படும் நாளில் திரும்பக் கைக்கு வருமா என்ற கேள்விதான் என்பது புலப்படுகிறது. அந்தக் கேள்விக்குச் சட்டமும் நீதிமன்றமும் காலத்துக்குக் காலம் அளித்த விடைகளே யார் வாடகைக்கு விட முன்வந்தார்கள், யாருக்கு விட்டார்கள், எத்தகைய நிபந்தனைகளை விதித்தார்கள் என்பவற்றை நிர்ணயித்தன. பத்து மாத முன்பணம், பதினொரு மாத ஒப்பந்தம் என இன்று காரணம் கேட்காமல் பின்பற்றப்படும் வழக்கங்களும் அந்த வரலாற்றில் வேர் கொண்டவை.

குடக்கூலிக் காலம்

வீட்டு வாடகைக்குப் பழைய தமிழ் வழக்கில் குடக்கூலி என்ற சொல் இருந்தது. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குடக்கூலிக்கு வீடு விட்டவர்கள் ஒரே வகையினர் அல்லர். உயர் நீதிமன்றத்தைச் சுற்றி வளர்ந்த வக்கீல் தொழிலில் பொருள் ஈட்டியவர்களும், தஞ்சை முதலிய மாவட்டங்களில் நிலம் வைத்திருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரில் வீடு வாங்கிய மிராசுதார்களும், வணிக லாபத்தைக் கட்டடத்தில் முடக்குவதே பாதுகாப்பு என்று கருதிய வணிகர்களும் ஒரு புறம் இருக்க, கணவரை இழந்த பின் வீட்டின் ஒரு பகுதியைப் பிறருக்கு விட்டு அந்த வருவாயில் குடும்பம் நடத்திய பெண்களும், ஓய்வூதியத்துக்கு ஊன்றுகோலாக ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்ட அரசு ஊழியர்களும் மறுபுறம் இருந்தனர்.

இந்த இரண்டாம் வகையினரே சென்னைக்கு உரிய ஒரு குடியிருப்பு முறையை வளர்த்தவர்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தெருவைப் பார்த்த குறுகிய முகப்பும், ரேழியும், நடு முற்றமும், அதைச் சுற்றிய தாழ்வாரமும், பின்கட்டும் கொண்ட நீண்ட வீடுகள் ஒரே குடும்பத்துக்காகக் கட்டப்பட்டவை என்றாலும், அவற்றின் அறைகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தை வைக்க இடம் தந்தன. கிணறும் குழாயும் கழிப்பிடமும் பொதுவாக இருக்க, சமையல் மட்டும் தனித்தனியாக நடந்த அந்த வாழ்க்கைக்கு ஒண்டுக்குடித்தனம் என்று பெயர் வந்தது. நடுவில் ஒரு சந்தும் இரு புறமும் சிறு சிறு வீடுகளுமாக, வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்ட வரிசைக் குடியிருப்புகளை மக்கள் ஸ்டோர் என்று அழைத்தனர். ஒண்டுக்குடித்தன வீட்டில் பெரும்பாலும் வீட்டுக்காரரும் அதே கூரையின் கீழ் வசித்தார் என்பதால், வாடகைக்கு விடுவது என்பது பணம் போட்டு வருவாய் பெறுவது என்பதோடு நில்லாமல், யாரோடு ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவெடுப்பதாகவும் ஆயிற்று.

அந்தக் காலத்தில் அந்த முடிவை எடுப்பதில் பெரிய தயக்கம் இருக்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகையை 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்து முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை இருந்தது. நகரின் மக்கள்தொகையும் மெதுவாகவே வளர்ந்தது. 1901-இல் சுமார் 5.09 லட்சமாக இருந்தது, 1921-இல் 5.27 லட்சத்தையே எட்டியிருந்தது. 1920-களில் நீண்ட ஏரியின் படுகையில் தியாகராய நகர் உருவானதும், 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் பழைய நகரை விட்டுத் தெற்கே நகர வழி செய்தன. வீடுகளைத் தேடி ஆட்கள் வந்த அளவுக்கு ஆட்களைத் தேடி வீடுகளும் காத்திருந்த காலம் அது.

இருந்தபோதிலும், குடியிருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணம் அப்போதே துளிர்த்துவிட்டது. பிறர் மனையை வாடகைக்கு எடுத்து அதில் தம் செலவில் வீடு கட்டிக்கொள்வது சென்னையில் பரவலாக இருந்த வழக்கம். முதல் உலகப் போருக்குப் பின் மனை விலை ஏறியபோது, மனைக்காரர்கள் அத்தகையோரை வெளியேற்ற முற்பட்டனர். அதைத் தடுக்கவே 1922-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக சென்னை நகர குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றப்படுபவருக்கு அவர் எழுப்பிய கட்டடத்துக்கான இழப்பீட்டையும், தகுதியுள்ள சூழலில் மனையையே விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி நீதிமன்றத்தை நாடும் உரிமையையும் அச்சட்டம் அளித்தது. கொடுத்த சொத்து திரும்பாமலே போகக்கூடும் என்ற செய்தி சென்னைச் சொத்துக்காரர்களை முதன்முதலில் எட்டியது இதன் வழியாகத்தான்.

போர் கொண்டுவந்த கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போர் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. கட்டுமானப் பொருள்கள் போர்த் தேவைக்குத் திருப்பப்பட்டதால் புதிய வீடுகள் எழுவது குறைந்தது; போர் அலுவல்களாலும் தொழில்களாலும் நகருக்கு வருவோர் பெருகினர்; வாடகை ஏறியது. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு ரங்கூன் வீழ்ந்து, ஜப்பானியப் படை சென்னையைத் தாக்கக்கூடும் என்ற அச்சம் பரவியபோது, 1942 ஏப்ரலில் அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்களும் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். சில மாதங்கள் தெருத் தெருவாகக் காலியாகக் கிடந்த வீடுகள், அச்சம் தணிந்து மக்கள் திரும்பியதும், பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த தமிழ்க் குடும்பங்களில் பல நகரை நாடியதும், மீண்டும் நிரம்பின. 1941-இல் 7.77 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951-இல் 14.16 லட்சமாயிற்று, 1946-இல் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், நெருக்கடி மெய்யானது.

போர் முடிந்தும் நெருக்கடி தீராததால், தற்காலிக ஆணை 1946-இல் சட்டமாகி, 1949-இல் புதுப்பிக்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டமாக நிலைபெற்றது. கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்னும் அது, அவசரத்துக்குப் பிறந்த ஏற்பாட்டை ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால நிரந்தர ஏற்பாடாக்கியது. கூலி உயராத எழுத்தரையும் தொழிலாளியையும் தெருவில் நிறுத்தாமல் காத்தது அச்சட்டமே என்பதை மறுக்க இயலாது. அதேவேளையில், வீட்டை வாடகைக்கு விடும் முடிவின் தன்மையையே அது மாற்றிவிட்டது என்பதும் உண்மை.

சட்டம் மாற்றிய கணக்கு

1960 சட்டத்தின் நான்கு ஏற்பாடுகள் சொந்தக்காரரின் கணக்கை நேரடியாகப் பாதித்தன. முதலாவது, காலியான வீட்டைப் பற்றிய அறிவிப்பு. வீடு காலியானால் ஏழு நாளுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; அரசு தன் ஊழியருக்கோ பொதுத் தேவைக்கோ அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் சொந்தக்காரர் கொடுத்தாக வேண்டும். யாருக்கு விடுவது என்ற தெரிவே சட்டப்படி முழுமையாக அவர் கையில் இல்லை என்பது இதன் பொருள்.

இரண்டாவது, நியாய வாடகை. இரு தரப்பில் எவர் வேண்டுமானாலும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்து, சட்டத்தின் சூத்திரப்படி வாடகையை நிர்ணயித்துக்கொள்ளலாம். மனையின் சந்தை மதிப்போடு, தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் கூட்டி, அந்த மொத்தத்தில் குடியிருப்புக் கட்டடமானால் ஆண்டுக்கு முதலில் 6 விழுக்காடும், 1973 திருத்தத்துக்குப் பின் 9 விழுக்காடும் நியாய வாடகையாகக் கொள்ளப்பட்டது. ஒரு லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்ட வீட்டுக்கு 9 விழுக்காட்டின்படி ஆண்டுக்கு 9,000 ரூபாய், அதாவது மாதம் 750 ரூபாய் வாடகையாகும். ஒரு முறை நிர்ணயமான பின், சட்டம் சொன்ன சில சூழல்களில் தவிர அதை உயர்த்த முடியாது. விலைவாசி ஏற ஏற அதே 750 ரூபாயின் வாங்கும் திறன் தேய்ந்துகொண்டே போகும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் நியாய வாடகை கோரும் உரிமை நீங்காது என்று 1974-இல் ராவல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், பேசி முடித்த தொகை கூட இறுதியானது அல்ல என்றாயிற்று.

மூன்றாவது, வெளியேற்றம். வாடகையை வேண்டுமென்றே கட்டாதிருத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், சொந்தக்காரருக்கே குடியிருக்க வீடு தேவைப்படுதல், இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களைச் சட்டம் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்றை மெய்ப்பிக்காமல் வெளியேற்ற வழியில்லை. வாடகை கட்டாதிருந்தது மட்டும் போதாது, அது வேண்டுமென்றே நிகழ்ந்தது என்பதும் காட்டப்பட வேண்டும். ஒரே வீட்டின் ஒரு போர்ஷனில் வசிக்கும் சொந்தக்காரர் கூடுதல் இடம் வேண்டி மற்றதைக் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் வசதியையும் குடித்தனக்காரருக்கு நேரும் துன்பத்தையும் அலுவலர் எடைபோட்டே தீர்மானிப்பார். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், குடித்தனக்காரர் மணியார்டரில் அனுப்பலாம், அதுவும் திரும்பினால் அலுவலரிடம் செலுத்தலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தொடங்கும் மனு, மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு, சில வேளைகளில் உச்ச நீதிமன்றம் என நீண்டு, ஒரு தலைமுறைக் காலத்தை விழுங்குவதுண்டு. 1979-இல் தனபால் செட்டியார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாடகைச் சட்டப்படி வெளியேற்றம் கோருவோர் பழைய சொத்து மாற்றச் சட்டப்படி தனியே அறிவிப்பு கொடுக்க வேண்டியதில்லை என்று கூறி ஒரு படியைக் குறைத்தபோதிலும், மீதிப் படிகள் அப்படியே இருந்தன.

நான்காவது, உரிமையின் தொடர்ச்சி. குடித்தனக்காரர் இறந்துவிட்டால், அவரோடு குடும்ப உறுப்பினராக அதே வீட்டில் வசித்துவந்த மனைவியோ கணவரோ பிள்ளைகளோ குடித்தனக்காரராகவே கருதப்பட்டனர். துயருற்ற குடும்பம் வீட்டையும் சேர்த்து இழக்காமல் இருக்க இது மனிதநேயமுள்ள ஏற்பாடு; சொந்தக்காரரின் பக்கத்தில் நின்று பார்த்தால், தாம் ஒருவருக்குக் கொடுத்த வீடு அவர் பிள்ளைகளிடமும் தொடரும் என்ற எச்சரிக்கை.

புதிய கட்டுமானத்தை ஊக்குவிக்க, கட்டி முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு தரப்பட்டது. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கும் விலக்கு இருந்தது. ஆனால் 1986-இல் ரத்தன் ஆரியா வழக்கில், வீடுகளுக்கு மட்டும் இப்படி வரம்பு வைத்து, கடைகளுக்கு வைக்காதது சமத்துவத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அதன்பின் கூடுதல் வாடகைக்கு விட்டவர்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வந்தனர்.

அச்சத்திலிருந்து பிறந்த வழக்கங்கள்

சட்டம் ஒரு கதவை மூடும்போது மக்கள் வழக்கம் வேறொரு வாசலைத் திறந்துகொள்ளும் என்பதற்கு முன்பணம் சிறந்த சான்று. 1960 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் வேரூன்றிய வழக்கமோ பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது. வாடகை நின்றாலும், வழக்கு நீண்டாலும், வீடு சேதமடைந்தாலும் ஓரளவு கையில் இருக்கட்டும் என்ற அச்சமே அந்தத் தொகையை வளர்த்தது. குடியேறும் நாளிலேயே பத்து மாத வாடகையைத் திரட்ட வேண்டிய குடும்பத்தின் கடனில் சென்று முடிந்தது, சொந்தக்காரரின் பாதுகாப்புத் தேடல்.

பதினொரு மாத ஒப்பந்தத்தின் வேர் வேறு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான செலவையும் அலைச்சலையும் தவிர்க்க, ஒரு மாதம் குறைத்து எழுதினர். பதினொரு மாதம் முடிந்தால் குடித்தனக்காரர் காலி செய்தாக வேண்டும் என்று பலர் நம்பியபோதிலும், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை அந்தத் தாளுக்கு அத்தகைய வலிமை இருக்கவில்லை. அது இரு தரப்பும் மனத்தளவில் பிடித்துக்கொண்ட ஒரு கயிறு மட்டுமே.

ஒத்தி, போக்கியம் என்னும் முறையும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு பெருந்தொகையைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையை முழுமையாகத் திரும்பப் பெறுவது இம்முறை. சென்னையில் இதை லீசுக்கு விடுவது என்பர். நிலத்தில் வழங்கிய பழைய அடமான முறை நகர வீட்டுக்குப் பெயர்ந்து வந்த வடிவம் இது. கடன் தேவைப்படும் சொந்தக்காரருக்கும் மாதச் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்துக்கும் இது பொருந்தினாலும், வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்ட சொந்தக்காரரால் திருப்பித் தர இயலாதபோது, இங்கே நம்பிக்கை இழப்பவர் குடியிருப்பவராகிறார்.

இவை எல்லாவற்றிலும் கொடியது ஆளைப் பார்த்து விடும் வழக்கம். ஒரே முற்றத்தைப் பகிர்ந்த காலத்தில் சாதியும் சமயமும் உணவும் கேட்டு வீடு விட்ட பழக்கம், தனித்தனி அடுக்ககங்கள் வந்த பின்னும் மறையவில்லை. வெளியேற்றுவது கடினம் என்பதால் உள்ளே விடுவதிலேயே வடிகட்ட வேண்டும் என்ற வாதம் அதற்குத் துணை போயிற்று. வேலை மாற்றலாகிப் போகக்கூடிய அரசு அதிகாரி விரும்பப்பட்டார். தலித்துகளும், முஸ்லிம்களும், தனியே வாழும் பெண்களும், மணமாகாத இளைஞர்களும் டு-லெட் பலகை தொங்கும் வாசல்களிலேயே திருப்பியனுப்பப்பட்டனர். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் எனப்படும் தங்கும் விடுதிகள் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இருப்பிடமானதற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம். குடியிருப்பவரைக் காக்க எழுந்த சட்டம், உள்ளே இருந்தவரைக் காத்ததே தவிர, வாசலில் நின்றவரைக் காக்கவில்லை.

கடன், வரி, புதிய சட்டம்

1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டதிலிருந்து வீட்டுக் கடன் நடுத்தர வகுப்புக்கு மெல்ல எட்டத் தொடங்கியது. 1994-இல் தமிழ்நாடு அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, ஒரு கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் உரிமையாளராவதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. அதனால் சென்னையின் வீட்டுச் சொந்தக்காரர் கூட்டத்தில், பல வீடுகள் வைத்திருந்த குடும்பங்களின் இடத்தை, மாதத் தவணை கட்டும் சம்பளக்காரர்களும் வெளிநாட்டில் வேலை செய்வோரும் படிப்படியாகப் பிடித்தனர். வருமான வரியும் அவர்கள் கணக்கில் நுழைந்தது. 1922-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின்படி பழுதுபார்ப்புக்காக ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. 2001-க்குப் பின், செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும் நிகர ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு கழிக்கப்படுகிறது. ஆயினும் மனை விலை ஏற்றமே பெரிய லாபமாகத் தெரிந்த ஆண்டுகளில், வாடகை சிறிய வரவாகவும் குடித்தனக்காரர் பெரிய பொறுப்பாகவும் தோன்ற, வீட்டைப் பூட்டி வைப்பதே அறிவுடைமை என்று பலர் கருதினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய நகரங்களில் 1.1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருப்பதைக் காட்டியது. அதே கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவை வாடகை வீட்டில் வாழ்ந்தன.

இந்த முரணைத் தீர்க்கும் நோக்கில், 1960 சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகைச் சூத்திரம் நீங்கியது. வாடகை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையாயிற்று. ஒப்பந்தத்தைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், தகராறுகளை வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் விசாரிக்கும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைத்ததன் மூலம், பழைய சட்டத்தின் ஒரு மாதத்துக்கும் மக்கள் வழக்கத்தின் பத்து மாதத்துக்கும் இடையில் ஒரு நிலையை அது எடுத்தது. காலமும் தொகையும் முன்கூட்டியே எழுதப்படுவதால், சொந்தக்காரரின் பழைய அச்சத்துக்குச் சட்டம் முதன்முறையாக நேரடி விடை தந்துள்ளது. ஆனால் எழுதாமலே குடியேறும் ஏழைக் குடும்பத்துக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பள்ளி செல்லும் பிள்ளைகளோடு வேறு வீடு தேட வேண்டிய குடும்பத்துக்கும் அதே சட்டம் முன்பிருந்த பாதுகாப்பைக் குறைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இந்த நூறாண்டு வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு. 15 நாள் முன்னறிவிப்பில் வெளியேற்ற முடிந்த காலத்தில் குடியிருப்பவர் அஞ்சினார். தலைமுறைக் கணக்கில் வெளியேற்ற முடியாத காலத்தில் சொந்தக்காரர் அஞ்சினார். இரு காலத்திலும் அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர், வீடு கிடைக்காமல் தெருத் தெருவாக அலைந்த மூன்றாமவர். ஆகவே வீட்டை வாடகைக்கு விடலாமா என்று இன்று ஆலோசிக்கும் ஒவ்வொரு குடும்பமும் தவணை, வரி, பராமரிப்புச் செலவு ஆகியவற்றைக் கணக்கிடுவதோடு, ஒப்பந்தத்தை முறையாக எழுதிப் பதிவு செய்வதையும், மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்காமலிருப்பதையும், சாதி சமயம் பாராமல் வீடு கொடுப்பதையும் அந்த முடிவின் பகுதியாகவே கொள்ள வேண்டும். பிறர் குடும்பம் வாழ இடம் கொடுக்கும் பொறுப்பை ஏற்க மனம் உள்ளவரே வாடகைக்கு வீடு விடத் தகுதியுடையவர்.